காடும் கிணறும்: வனத்துறையின் பணியும் பஞ்சாயத்தின் கடமையும்

தருமபுரி மாவட்டத்தில் கிராம சபை கூடும் இடங்களிலெல்லாம் தவறாது எழும் பேச்சு தண்ணீரைப் பற்றியதே. கிணறு வற்றிவிட்டது, ஆழ்துளைக் குழாயில் ஈரமில்லை, ஏரிக்கு வரத்து நின்றுவிட்டது என்பன அன்றாட முறையீடுகள். அதே கூட்டத்தில் காட்டைப் பற்றிப் பேச்சு வருமாயின் அது வேறொரு தொனியில் வருகிறது. ஆடு மாடு மேய்க்க விடுவதில்லை, பாதை போட அனுமதி தருவதில்லை, யானை வந்து ராகியைத் தின்றுவிடுகிறது என்று வனத்துறையின்மீது குறை கூறப்படுகிறது. இவ்விரு பேச்சுகளும் ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் அணையும்

சுமார் 4,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நம் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலம் காடு என்று கணக்கில் உள்ளது. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடும் மரமுமாக இருத்தல் வேண்டும் என்று இலக்கு வகுத்தது. ஏட்டளவில் நாம் அந்த இலக்கை எட்டியவர்களே. ஆயினும் காடு என்று எழுதப்பட்ட இடமெல்லாம் அடர்ந்த மரங்கள் நிற்கின்றனவா என்று கேட்டால், இல்லை என்றே விடை கூறவேண்டும். புதரும் பாறையுமாய்த் தேய்ந்துபோன குன்றுகளை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

மரம் மழையை நிலத்தடியில் உண்டாக்குவதில்லை. தானும் நீரைப் பருகவே செய்கிறது. ஆனால், மரமும் புல்லும் உதிர்ந்த சருகும் மூடிய சரிவில் விழும் மழை, விரைந்து ஓடாமல் மண்ணுக்குள் ஊறி இறங்குகிறது. வெறும் சரிவில் விழும் மழையோ மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடுகிறது. அந்த மண் எங்கே போகிறது? நம் அணைகளுக்கும் ஏரிகளுக்குமே போகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாற்றின் நீர் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து அணையில் தேங்குகிறது. சித்தேரி மலையிலிருந்து இறங்கும் வரட்டாற்றின் நீர் அரூர் வட்டத்தில் வள்ளிமதுரை அணையை நிரப்புகிறது. பஞ்சப்பள்ளியில் சின்னாற்றின் குறுக்கே அணை நிற்கிறது. மலை வெறிச்சோடினால் இவ்வணைகளில் நீருக்குப் பதில் வண்டல் ஏறும். ஆகவே, மலையில் உள்ள காடு வனத்துறையின் சொத்து மட்டுமன்று. சமவெளியில் உள்ள ஆயக்கட்டுக்காரரின் சேமிப்பும் ஆகும்.

நிர்வாகம் நடைபெறும் விதம்

சென்னை ராஜதானியில் முதல் வனப் பாதுகாவலர் பதவி 1856-இல் ஏற்பட்டது. அப்பதவியில் அமர்ந்தவர் கிளெகார்ன் என்னும் மருத்துவர். 1882-இல் இயற்றப்பட்ட சென்னை வனச் சட்டம், தமிழ்நாடு வனச் சட்டம் என்னும் பெயரில் இன்றும் அமலில் உள்ளது. அச்சட்டத்தின்படி ஒரு நிலத்தைக் காப்புக்காடு ஆக்குவதற்கு முன் முதலில் அறிவிப்பு வெளியிடவேண்டும். வன நிர்ணய அலுவலர் ஒருவர் ஊராரின் வழிப்பாதை, மேய்ச்சல், நீர் முதலிய உரிமைகளை விசாரித்து முடிவு செய்யவேண்டும். அதன்பின்னரே இறுதி அறிவிப்பு வரும். காப்புக்காடான பின் அனுமதிக்கப்படாத எச்செயலும் அங்குக் குற்றமாகும்.

மாவட்ட வன அலுவலரின் கீழ் வனச்சரக அலுவலர், வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் என்று படிப்படியாக அலுவலர்கள் உள்ளனர். கோட்டம், சரகம், பிரிவு, காவல் சுற்று என்று காடும் அவ்வாறே பகுக்கப்பட்டுள்ளது. ஊராருக்கு அடிக்கடி கண்ணில் படுபவர் காவல் சுற்றைக் கவனிக்கும் வனக்காப்பாளரே. பல குன்றுகளையும் ஓடைகளையும் ஒருவரே சுற்றிவர வேண்டியிருப்பதால், ஊர் ஒத்துழைக்காவிடில் அவரால் காவலை நிறைவேற்ற இயலாது.

ஒவ்வொரு கோட்டத்துக்கும் செயல் திட்டம் என்று ஓர் ஏடு உண்டு. எந்தக் காட்டில் என்ன மரங்கள் உள்ளன, எங்கே மண் அரித்துள்ளது, எங்கே நடவு செய்யவேண்டும், எந்த இடத்தைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும் என்பனவற்றைப் பல ஆண்டுகளுக்கு அது வகுத்துரைக்கிறது. முற்காலத்தில் இத்தகைய திட்டங்கள் மரமும் விறகும் எடுப்பதையே பெரும்பாலும் கருதின. பின்னர் நோக்கம் மாறிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. மத்திய அரசின் முன் ஒப்புதலின்றிக் காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்பது பின்னதன் சாரம். ஒப்புதல் பெற்ற செயல் திட்டத்தின்படியன்றிக் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்று 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இவற்றால் இன்று செயல் திட்டத்தில் முதலிடம் பெறுவன காவலும், மண் நீர்ப் பாதுகாப்பும், காட்டுயிர் நலமுமே.

மண், நீர், தீ

காட்டினுள் வனத்துறை செய்யும் வேலைகளில் விவசாயிக்கு நேர்ப்பயன் தருவது மண் நீர்ப் பாதுகாப்பு வேலையாகும். ஓடையின் மேற்பகுதியில் கல் அடுக்கிய சிறு தடைகள், கீழே தடுப்பணைகள், அதற்கும் கீழே கசிவுநீர்க் குட்டைகள், சரிவின் குறுக்கே சமமட்டப் பள்ளங்கள் என்று மேலிருந்து கீழாக இவை அமைக்கப்படுகின்றன. இந்த வரிசை முக்கியமானது. மேலே தடை கட்டாமல் கீழே குட்டை மட்டும் வெட்டினால் சில மழைக்குள் அது மண்ணால் தூர்ந்துவிடும். ஒன்றியத்தின் வேலைத் திட்டங்களில் ஏரி தூர்வாரும் பஞ்சாயத்துகள், அந்த ஏரியின் வரத்து ஓடை காட்டில் எங்கே தொடங்குகிறது என்பதை வனச்சரக அலுவலருடன் சேர்ந்து நடந்து பார்த்தல் நலம்.

காட்டுத் தீ மற்றொரு பெரும் பகை. நம் காடுகள் இலையுதிர்க்கும் வறண்ட காடுகள். பிப்ரவரி தொடங்கிக் கோடை மழை விழும்வரை சருகும் காய்ந்த புல்லும் தரையெங்கும் கிடக்கும். புதுப்புல் முளைக்கும் என்று வைக்கும் தீயும், அணைக்காது வீசிய பீடித் துண்டும் குன்று முழுவதையும் எரித்துவிடக்கூடும். தீயில் பெருமரம் பிழைத்தாலும் அதன் கீழ் நிற்கும் இளங்கன்றுகள் பிழைப்பதில்லை. ஆண்டுதோறும் எரியும் காடு வெளியே பசுமையாகத் தோன்றினும், வாரிசு இல்லாத வீடு போன்றதே. தீப்பருவத்துக்கு முன் வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடுகளைச் செதுக்கிச் சருகு நீக்குகின்றனர். செயற்கைக்கோள் வழியாகவும் தீயெச்சரிக்கை அவர்களுக்கு வருகிறது. ஆயினும் புகையை முதலில் காண்பவர் ஊராரே.

உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் பரவுவதும் கேடே. வெளிநாட்டிலிருந்து வந்த இவை புல்லையும் நம் மரக்கன்றுகளையும் மூடி வளர்வதால், மேயும் விலங்குகளுக்குத் தீனி குறைகிறது. தீனி குறைந்த காட்டிலிருந்து விலங்குகள் வயலை நாடி வருவது இயல்பே.

யானை வரும் வழி

காவிரியின் இருகரையிலும் உள்ள காடுகள் தொன்றுதொட்டு யானைகளின் வழித்தடம். இக்காடுகளைக் காக்கும்பொருட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2014-இல் சுமார் 504 சதுர கிலோமீட்டரில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022-இல் சுமார் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. இவை கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தோடு தொடர்புடையவை. காடு துண்டு துண்டாக இல்லாமல் தொடர்ந்திருந்தால்தான் யானை காட்டுக்குள்ளேயே நடக்கும். இடையில் துண்டிக்கப்பட்டால் ஊர் வழியே நடக்கும்.

ராகி முற்றும் பருவத்தில் பாலக்கோடு, பென்னாகரம் பகுதிகளின் விவசாயிகள் அடையும் துன்பம் சிறிதன்று. ஓராண்டின் உழைப்பு ஓரிரவில் போகிறது, உயிர்ச்சேதமும் நேர்கிறது. ஆனால், அதற்கு மின்கம்பியில் கொக்கி போட்டு வேலிக்கு மின்சாரம் பாய்ச்சுவது பரிகாரமாகாது. 2023 மார்ச் மாதத்தில் மாரண்டஹள்ளி அருகே அத்தகைய சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் அநாதையாயின. அதே வேலியில் இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் அண்டை வயல்காரரும், மேய்ச்சல் மாடும், வேலி போட்டவரின் பிள்ளையும் சிக்கக்கூடும் என்பதை மறத்தல் ஆகாது. முறையான மின்வேலி அமைப்போர் பதிவு செய்துகொள்வதற்கான விதிகளை 2023-இல் தமிழக அரசு வகுத்தது. பயிர்ச்சேதம் நேர்ந்தால் கதிரை அப்புறப்படுத்தும் முன்பே வனக்காப்பாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவித்து, சேதத்தைப் பார்வையிடச் செய்து, இழப்பீட்டு மனுவைச் சிட்டா, அடங்கல் நகல்களுடன் தரவேண்டும். காலங்கடந்து தரும் மனுவே பெரும்பாலும் பலனற்றுப் போகிறது.

மக்களின் உரிமை

காட்டைக் காப்பது என்றால் மக்களை விலக்குவது என்று பொருளன்று. இருதரப்பும் பகையாய் நின்றால் நேரும் கேட்டுக்கு நம் மாவட்டமே சான்று. அரூர் வட்டம் வாச்சாத்தியில் 1992-இல் சந்தனக் கட்டைச் சோதனையின் பெயரால் மலைவாழ் மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையையும், அதற்காக 2011-இல் தருமபுரி நீதிமன்றம் விதித்து 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்த தண்டனைகளையும் அறியாதார் இலர். காவலரைக் கண்டு ஊர் அஞ்சுமாயின், அந்த ஊர் கள்ளரைக் காட்டிக் கொடுக்க முன்வராது, காடும் காக்கப்படாது.

1997-இல் ஜப்பானிய நிதியுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வேறொரு வழியைக் காட்டிற்று. காட்டோரக் கிராமங்களில் கிராம வனக் குழுக்கள் அமைத்து, தேய்ந்த காட்டைச் சீர்செய்வதில் ஊராரையும் பங்காளிகளாக்கியது அத்திட்டம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, உரிமைக் கோரிக்கைகளை முதலில் ஆராயும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே வழங்கியது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடியினர் இச்சட்டப்படி உரிமை கோரலாம். பிற மரபுவழி வனவாசிகளாயின் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அக்காட்டை அண்டி வாழ்ந்திருக்கவேண்டும். தேன், புளி போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையும் இச்சட்டத்தில் அடங்கும்.

பாதை கேட்கும் ஊர்கள் இச்சட்டத்தின் மற்றொரு பிரிவை அறிதல் வேண்டும். பள்ளி, அங்கன்வாடி, மருந்தகம், குடிநீர்க் குழாய், சாலை முதலிய பொதுவசதிக்கு, ஓரிடத்தில் ஒரு ஹெக்டேருக்கு மிகாமலும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமலும் காட்டு நிலம் வழங்க இடமுண்டு. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். ஆகவே, தீர்மானம் எழுதுங்கால் "சாலை வேண்டும்" என்று பொதுப்பட எழுதாமல், இடம், நீளம், அகலம், நிற்கும் மரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து எழுதினால் காரியம் விரைவில் முடியும்.

பட்டா நிலத்தில் மரம்

காட்டின் சுமையைக் குறைக்கச் சிறந்த வழி வயலோரத்தில் மரம் வளர்ப்பதே. வேலிக்கும் விறகுக்கும் காட்டை நாடாத ஊர் காட்டுக்குப் பேருதவி செய்கிறது. தமிழ்நாட்டின் காட்டையும் மரப்பரப்பையும் 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்குடன் 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கப்பட்டது. இந்த உயர்வு காப்புக்காட்டினுள் மட்டும் நிகழ இயலாது. தரிசிலும் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிகழவேண்டும். பட்டா நிலத்தில் வளரும் சந்தன மரம் 2002-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்திற்குப் பின் நிலத்துக்குரியவருக்கே சொந்தம். ஆயினும் அதை வெட்டவும் விற்கவும் வனத்துறையின் வழியாகவே செல்லவேண்டும். முளைத்த கன்றை அச்சத்தால் பிடுங்கி எறிந்த காலம் போயிற்று. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி மரத்தைக் கணக்கில் ஏற்றி வைத்தல் நலம்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

காட்டை ஒட்டிய பஞ்சாயத்துகள் ஆண்டுதோறும் ஐந்து காரியங்களைத் தவறாது செய்யலாம். ஒன்று, தைப் பொங்கலுக்குப் பின் வரும் கிராம சபையில் தீப்பருவத்தைப் பற்றிப் பேசி, புகை கண்டால் யார் யாருக்குச் சொல்வது என்று முடிவு செய்தல். இரண்டு, ஏரியின் வரத்து ஓடையைக் காட்டெல்லைவரை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றுதல். மூன்று, 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் கோரும் மேலாண்மைக் குழுவை அமைத்து, ஊரின் மரம், மூலிகை, நாட்டு விதை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுதல். நான்கு, வன உரிமைக் கோரிக்கைகளையும் இழப்பீட்டு மனுக்களையும் நிலுவைப் பட்டியலாக வைத்து ஒவ்வொரு கூட்டத்திலும் படித்தல். ஐந்து, மேய்ச்சலுக்குப் பஞ்சாயத்துத் தரிசிலேயே புல்லும் தழைமரமும் வளர்த்து, காட்டில் கன்று நட்ட பகுதிகளை ஊரே காவல் காத்தல்.

வனத்துறை மலையைக் காக்கலாம். சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கலாம். மலையடிவாரத்தில் வாழ்வோரின் விருப்பமின்றி அவ்விரண்டும் நெடுநாள் நில்லா. காடு காய்ந்தால் முதலில் வற்றுவது நம் கிணறுதான். ஆதலால், அடுத்த கிராம சபையில் தண்ணீரைப் பற்றிய பேச்சு எழும்போது, அதே தீர்மானத்தில் காட்டுக்கும் ஒரு வரி எழுதுமாறு பஞ்சாயத்து அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.