அடையாளம் காட்டும் மண்டையோடு

ஆந்திர மாநிலத்தின் தென்கோடியில், சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வெதுருகுப்பம் முதலிய ஊர்களைச் சுற்றிக் குன்றுகளும் காடுகளும் உள்ளன. தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மாநிலங்களின் எல்லைகளும் தொலைவில் இல்லை. திருப்பதிக்கோ நாடெங்கிலுமிருந்து யாத்திரிகர்கள் வருகின்றனர். இத்தகைய வட்டாரத்தில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தால், இறந்தவர் எந்த ஊரினர், எந்த மொழியினர் என்பதே முதல் வினாவாகிறது.

இவ்வினா போலீசாருக்கு மட்டும் உரியதன்று. காணாமற்போனவர் இறந்தார் என்பது உறுதிப்படாத வரை அவருடைய குடும்பத்தின் காப்பீட்டுத் தொகை, சொத்துரிமை ஆகியவை தடைப்படுகின்றன. ஏழாண்டுகள் செய்தியே இல்லையெனில் ஒருவரை இறந்தவராகக் கருதச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் அந்த ஏழாண்டுகள் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு நெடுங்காலமே.

எலும்பு கூறும் செய்திகள்

இடுப்பெலும்பும் மண்டையோடும் ஆணா பெண்ணா என்பதைக் காட்டும். பற்களும் எலும்பு முனைகளின் இணைப்பும் வயதை உணர்த்தும். தொடையெலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணிக்கலாம். பழைய முறிவும் பல் சிகிச்சையும் தனி அடையாளங்களாகும்.

காணாமற்போனவர் இன்னார் என ஐயம் எழுந்தால், அவருடைய புகைப்படத்தின்மீது மண்டையோட்டின் படத்தை ஒரே அளவிலும் ஒரே கோணத்திலும் பொருத்திப் பார்க்கலாம். 1935-இல் பிரிட்டனில் நிகழ்ந்த ரக்ஸ்டன் கொலை வழக்கில் இம்முறை புகழ்பெற்றது. ராம் லோச்சன் அஹீர் வழக்கில், இத்தகைய படங்களைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று நம் உச்ச நீதிமன்றம் 1960-களின் தொடக்கத்தில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன் இத்துறையில் பெயர் பெற்றவர்.

முகத்தை மீட்டமைத்தல்

ஐயத்துக்குரிய பெயரே கிடைக்காதபோது முக மீட்டமைப்பு கைகொடுக்கிறது. முகத்தின் ஒவ்வோர் இடத்திலும் தோலும் தசையும் சராசரியாக எவ்வளவு தடிப்பு உடையவை என்பது முன்னரே அளந்து வைக்கப்பட்டுள்ளது. 1895-இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்னும் உடற்கூறியல் அறிஞர் இவ்வளவுகளைக் கொண்டு இசை மேதை பாஹ் உடைய மண்டையோட்டை ஆராய்ந்தார். சோவியத் நாட்டின் கெராசிமோவ் இக்கலையை வளர்த்தார். மண்டையோட்டின் வார்ப்பில் அளவுக் குச்சிகளைப் பதித்து, களிமண்ணால் தசைகளை அமைப்பது பழைய முறை. இன்று ஸ்கேன் படமும் கணிப்பொறியும் அவ்வேலையைச் செய்கின்றன. கீழடியை அடுத்த கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த சுமார் 2,500 ஆண்டுப் பழைமையான இரு மண்டையோடுகளுக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் அமைத்த முகங்கள் 2025-இல் வெளியாயின.

இம்முகம் புகைப்படம் அன்று. மூக்கின் நுனி, காது, உதடு, தலைமயிர் ஆகியவற்றின் முழு வடிவத்தை எலும்பு காட்டுவதில்லை. உடல் பருமனும் இன்ன அளவென்று தெரியாது. தசைத் தடிப்பும் மக்கட்குழுவுக்கு ஏற்ப வேறுபடுவதால், நம் நாட்டு மக்களின் அளவுகளைத் திரட்டுதல் அவசியம்.

பொதுமக்களின் பங்கு

எனவே மீட்டமைத்த முகம் ஒரு சான்று அன்று, ஒரு வினா. அதைக் கண்டவர் "இவர் எங்கள் ஊரினர் போல் உள்ளாரே" என்று கூறினால்தான் ஆய்வு மேலே செல்லும். பின்னர் உறவினரின் இரத்த மாதிரியைக் கொண்டு மரபணுச் சோதனையும் பற்சோதனையும் நடத்தி முடிவு காணப்படும். உறுதிப்படுவதற்கு முன் எவருடைய பெயரையும் பரப்புதல் தவறு. தவறான அடையாளம் ஒரு குடும்பத்துக்குப் பொய்த் துயரத்தையும், இன்னொரு குடும்பத்துக்கு வீண் காத்திருப்பையும் தரும்.

அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எலும்புகளைத் தோண்டும்போது சிறு பல்லும் தவறலாகாது. உடை, அணிகலன், பொத்தான் ஆகியவற்றைப் பாதுகாத்து வைத்தல் வேண்டும். முகப்படத்தைத் தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகிய மும்மொழி விளம்பரங்களுடன் அண்டை மாவட்டக் காவல் நிலையங்களுக்கும் அனுப்புதல் பயன் தரும். காணாமற்போனோர் குறித்த புகாரைத் தாமதமின்றிப் பதிந்து, உறவினரிடம் அண்மைக்காலப் புகைப்படமும் பல் மருத்துவக் குறிப்பும் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

ஆய்வுக்கூடத்தின் திறமையும் கிராமத்தாரின் நினைவும் சேரும்போதுதான் பெயரற்ற எலும்பு ஒரு மனிதராக வீடு திரும்பும்.