மூச்சை அடக்கிப் பாருங்கள்

திங்கட்கிழமை அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. படிவத்தில் 'மெய்நிகர் தியானம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, சனிக்கிழமைக்குள் டிக் அடித்துப் பணம் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இந்த வாரம் வந்த இன்னும் மூன்று கடிதங்களிலும் இதே குழப்பம்: இது மருந்தா, மயக்கமா, வீடியோவா? நாள் குறைவு என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மெய்நிகர் என்பது தலையில் மாட்டிக் கண்முன் காட்சி காட்டும் கருவி. அந்தக் கட்டத்துக்குள் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வித்தைகள் ஒரே பெயரில் இருக்கின்றன. ஒன்று, கவனத்தைத் திருப்புவது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹன்டர் ஹாஃப்மேனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காயம் பட்டவர்களுக்காகக் கொண்டுவந்த 'ஸ்னோ வேர்ல்ட்' அந்த வகை. செவிலியர் புண்ணைத் துடைக்கும்போது நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் பனி உருண்டை எறிந்துகொண்டிருப்பார். வலியை உணரவும் கவனம் வேண்டும். அது பனியில் செலவானால் வலிக்கு மிச்சம் கொஞ்சம்தான். மற்றது, 1979-இல் ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய பயிற்சியின் வழி. அங்கே வலியை விட்டு ஓடச் சொல்வதில்லை. வலி இருக்கும்போதே மூச்சோடு இருக்கப் பழக்குகிறார்கள். இதுதான் தியானம். படிவத்தில் இருப்பது எது என்று யாரும் சொல்வதில்லை.

வலியில் படுத்திருப்பவரிடம் 'மூச்சைக் கவனியுங்கள்' என்பது சுலபம். கவனிப்பது அவருக்குப் பெரும்பாடு. நல்ல கருவி அந்த மூச்சைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. மைக் மூச்சுச் சத்தத்தைப் பிடிக்கும், நீளமாக விட விட எதிரே காட்சி மாறும். நீண்ட மூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். வெளியே ஓடப் பார்க்கும் கண்ணையே பிடித்து உள்ளே திருப்பும் இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அதனால்தான் ஒரு மருத்துவமனை வார்டில் பார்த்தது என்னை உறுத்துகிறது. கருவியை மாட்டிக்கொண்டேன். எதிரே ஒரு மரம். மூச்சு விட்டால் இலைகளில் ஒளி பரவியது. சந்தேகத்தில் மூச்சை அடக்கினேன். ஒளி பரவிக்கொண்டே இருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன், மரம் இருண்டது. அத்தனை நேரமும் கருவி கேட்டது விசிறியின் மூச்சை. நோயாளி தான் நன்றாகச் செய்வதாக நம்பிப் படுத்திருப்பார்.

2021 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த 'ஈஸ்விஆர்எக்ஸ்' கருவியில், மூச்சை மைக் பக்கம் திருப்பிவிட என்றே ஒரு தனித் துண்டு உண்டு. 'அமெரிக்க அங்கீகாரம்' என்று விளம்பரத்தில் படித்தால் அது இந்த அனுமதியாக இருக்கலாம். இந்த அனுமதி 18 வயது நிரம்பியவர்களின் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு, மருத்துவர் சீட்டின் பேரில் வீட்டில் பயன்படுத்தக் கொடுத்தது. அறுவை சிகிச்சை வார்டுக்கு அல்ல. 179 பேரிடம் நடந்த சோதனையில், இந்தப் பயிற்சியைச் செய்தவர்களில் வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்கள் 66 சதவீதம். சாதாரணத் தட்டைப் படம் பார்த்தவர்களிலும் 41 சதவீதம் பேருக்கு அதே அளவு குறைந்தது. இந்த இரண்டாவது எண்ணை விளம்பரத்தில் தேடிப் பாருங்கள்.

உள்நோயாளிகளுக்குப் பலன் உண்டா? உண்டு, அளவோடு: லாஸ் ஏஞ்சலிஸின் சீடர்ஸ்-சினாய் மருத்துவமனையில் 120 பேரிடம் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், 10 புள்ளி அளவுகோலில் கருவியை மாட்டியவர்களுக்கு வலி 1.72 குறைந்தது, தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு 0.46.

வலி மாத்திரையை நிறுத்தலாமா? கூடாது.

தலை சுற்றுமா? சிலருக்குச் சுற்றும், குமட்டும்.

யாருக்கு ஆகாது? வலிப்பு நோய் உள்ளவர்கள், முகத்தில் காயமோ கண்ணில் அறுவை சிகிச்சையோ ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாட்டக்கூடாது.

இது மயக்கமா? இல்லை, முழு நினைவோடுதான் இருப்பீர்கள்.

சனிக்கிழமை என்ன செய்வது? பணம் கட்டுமுன் கருவியை அம்மாவுக்கு ஒருமுறை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மின்விசிறி ஓடட்டும், அவர் மூச்சை அடக்கட்டும். காட்சி நின்றால் டிக் அடியுங்கள்.