கடிதம் யாருக்குப் போகிறது?

இங்கிலாந்தில் 25 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்டவராக, குடும்ப மருத்துவரின் பதிவேட்டில் 'பெண்' என்று குறிக்கப்பட்டவராக இருந்தால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உங்களுக்கு ஓர் அழைப்பு வரும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனைக்கு நேரம் குறித்துக்கொள்ளச் சொல்லும் அழைப்பு அது. அரசின் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். இதை நாடு முழுவதற்குமான ஏற்பாடாக 1988 முதல் நடத்திவருகிறது. இந்த அழைப்பிலும் அதையொட்டிய கையேடுகளிலும் இணையப் பக்கங்களிலும் 'பெண்கள்' என்று எழுதுவதா, 'கருப்பை வாய் உள்ளவர்கள்' என்று எழுதுவதா என்று அங்கே சில ஆண்டுகளாகச் சண்டை ஓயவில்லை. 'பெண்' என்ற சொல்லை நீக்குவது பெண்களையே கணக்கிலிருந்து நீக்குவதாகும் என்கிறது ஒரு தரப்பு. அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டால், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகள் விடுபட்டுப் போவார்கள் என்கிறது மறுதரப்பு. இரண்டு தரப்பும் சுகாதார அறிவிப்பை ஓர் அடையாளச் சான்றிதழைப்போல நடத்துகின்றன. அது சான்றிதழ் அல்ல. ஒருவரை எழுந்துபோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வைப்பதற்கான கருவி. அதனால் கேட்க வேண்டிய கேள்வியும் வேறு: இதைப் படித்துவிட்டு, 'இது எனக்கல்ல' என்று யார் ஒதுங்கிப் போகிறார்கள்? அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 'பெண்' என்ற சொல்லை எடுக்கக் கூடாது, அதன் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்க்கலாம் என்ற முடிவுக்குத்தான் வர முடிகிறது. திருநம்பிக்கு வேண்டியதில் பெரும்பகுதி அந்த வாக்கியத்திலேயே இல்லை என்பதும் தெரியவருகிறது.

சண்டையின் வரலாறு நீளமானது அல்ல. 2020-இல் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் தன் வழிகாட்டுதலில் 'கருப்பை வாய் உள்ள நபர்கள்' என்று எழுதியது. அதே ஆண்டில் 'மாதவிடாய் வருபவர்கள்' என்ற தொடரை எழுத்தாளர் ஜே.கே. ரோலிங் கேலி செய்ய, விவகாரம் மருத்துவத்தைத் தாண்டி வீதிக்கு வந்தது. 2021 செப்டம்பரில் 'லான்செட்' மருத்துவ இதழ், பெண்களின் உடலியல் புறக்கணிக்கப்பட்ட வரலாற்றைச் சொல்லவந்த இடத்தில், பெண்களை 'யோனி உள்ள உடல்கள்' என்று அட்டையிலேயே குறித்தது. ஆசிரியர் ரிச்சர்ட் ஹோர்ட்டன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. புறக்கணிப்பைக் கண்டிக்கும் வாக்கியத்தில் புறக்கணிக்கப்பட்டவரின் பெயரே விடுபட்டிருந்ததைப் பார்த்தால் கோபத்தின் காரணம் புரியும். 2022-இல் என்.எச்.எஸ். தளத்தின் சினைப்பைப் புற்றுநோய்ப் பக்கத்தின் முகப்பிலிருந்து 'பெண்கள்' என்ற சொல் மறைந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய்ப் பக்கத்தில் 'ஆண்கள்' அப்படியே இருந்ததை விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்விக்கு நேர்மையான பதில் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இன்னொரு பக்கம், 2021-இல் பிரைட்டன் நகர மருத்துவமனை நிர்வாகம் தன் மகப்பேற்றுப் பிரிவில் 'பெண்கள்' என்பதோடு பிற சொற்களையும் சேர்த்துக்கொள்ளப் போவதாக அறிவித்தபோது, எந்தச் சொல்லையும் நீக்கவில்லை என்று அதுவே தெளிவாகச் சொல்லியும், 'அம்மா'வுக்குத் தடை என்ற தோரணையில் செய்திகள் வந்தன. சேர்ப்பதும் நீக்குவதும் ஒன்றல்ல என்பதைப் பார்க்க இரு தரப்பிலும் பலருக்குப் பொறுமை இருக்கவில்லை.

நீக்குவதில் என்ன கெடுதல்? 'கருப்பை வாய் உள்ள எவரும்' என்பதில் பெண்கள் எல்லாரும் அடங்கிவிடுகிறார்கள், உடற்கூற்றின்படி அது இன்னும் துல்லியம் என்பது அவ்வாறு எழுதுவோரின் வாதம். துல்லியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துல்லியம் யாருக்குப் பயன்படும்? தன் உடலுக்குள் கருப்பை வாய் என்று ஒன்று இருக்கிறது என அறிந்தவருக்கு மட்டும். மான்செஸ்டரில் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், பெண் உடலின் கீழ்ப்பகுதியில் மூன்று துவாரங்கள் உள்ளன என்பதைச் சரியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. படத்தில் காட்டிய ஏழு உறுப்புகளுக்கும் சரியாகப் பெயர் எழுதியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இங்கிலாந்தில் 16 முதல் 65 வயது வரை உள்ளவர்களில் 43 சதவீதத்தினருக்கு வழக்கமான சுகாதாரக் கையேட்டின் எழுத்தே பிடிபடுவதில்லை என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உள்ளுறுப்பின் பெயரைச் சொல்லி, 'அது உள்ளவர்களே வாருங்கள்' என்று இவர்களை அழைப்பது, கதவை அகலத் திறந்துவிட்டு வீட்டு எண்ணை அழித்துவிடுவது போன்றது. 'பெண்' என்ற சொல்லுக்குப் பள்ளிப் படிப்பு தேவையில்லை. ஒரு சிறுமிக்கும் அது தன்னைக் குறிக்கிறது என்று தெரியும்.

எளிய சொல்லை விட்டால் பொருள் பிசகிவிடும் என்பதற்கு மிக வலுவான சான்று, சுகாதாரத் துறைக்கு வெளியே கிடைத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக ஒரு கேள்வி சேர்ந்தது: நீங்கள் உங்களை எந்தப் பாலினமாக உணர்கிறீர்களோ அது, பிறப்பில் பதிவான பாலோடு ஒத்திருக்கிறதா? 2,62,000 பேர் இல்லை என்று பதில் தந்தார்கள். அடுத்து எந்த வட்டாரத்தில் விகிதம் அதிகம் என்று பார்த்தபோது வியப்பு காத்திருந்தது. தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநரும் கூடிவாழும் ஊர் என்று பெயர்பெற்ற பிரைட்டனில் இது ஒரு சதவீதம். லண்டனின் நியூஹாமில் ஒன்றரைச் சதவீதம், பிரெண்டில் 1.3 சதவீதம். நியூஹாமில்தான் ஈஸ்ட் ஹாம் இருக்கிறது, பிரெண்டில்தான் வெம்பிளி. தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த இந்த இரண்டு இடங்களையும் பிரிட்டனை அறிந்த தமிழர்கள் எல்லாரும் அறிவார்கள். ஆக்ஸ்போர்டு சமூகவியலாளர் மைக்கேல் பிக்ஸ் புள்ளிவிவரங்களைக் கிளறியபோது, ஆங்கிலம் நன்றாகப் பேச வராதவர்களிடம்தான் 'இல்லை' என்ற பதில் அளவுக்கு மீறிக் குவிந்திருப்பது தெரிந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு பதிலளித்திருக்கக்கூடும். 2024-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் இந்த எண்ணிக்கையின் அதிகாரபூர்வத் தகுதியைக் குறைத்து, 'மேம்பாட்டில் உள்ள' புள்ளிவிவரம் என்று வகை மாற்றியது.

இதை ஒரு கணக்கெடுப்பின் சறுக்கலாக மட்டும் பார்த்துவிட முடியாது. அரசு நிறுவனம் ஒன்று, வல்லுநர்களைக் கலந்து, சோதித்துப் பார்த்து, நல்ல நோக்கத்தோடு எழுதிய ஒற்றை வாக்கியம் அது. ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத சிலரிடம் போனதும் பொருள் தலைகீழாகிவிட்டது. பரிசோதனைக்கு வராமல் விடுபடுவோர் யார் என்று பார்த்தால் அதே முகங்கள்தான் திரும்பவும் தெரிகின்றன: சிறுபான்மை இனத்தவர், புதிதாகக் குடியேறியவர், ஏழைகள். இங்கிலாந்தில் அழைக்கப்படுவோரில் பத்துக்கு மூன்று பேர் உரிய காலத்தில் வருவதில்லை. எட்ட வேண்டிய இலக்கோ 80 சதவீதம். இந்தச் சரிவுக்குச் சொல்மாற்றமே காரணம் என்று சிலர் பேசுவது சரியல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'கருப்பை வாய் உள்ளவர்கள்' என்று யாரும் எழுதத் தொடங்குவதற்கு முன்பே, 2010-களிலேயே வருகை குறைந்துகொண்டிருந்தது. கூச்சம், வலி குறித்த பயம், வேலையில் விடுப்புக் கிடைக்காமை என்று காரணங்கள் பல. ஏற்கெனவே இத்தனை தடைகள் இருக்கும் பாதையில் நாமே இன்னொரு தடையை வைப்பானேன் என்பதுதான் என் கேள்வி.

இனி மறுபக்கம். அந்தக் கணக்கெடுப்பின்படியே திருநம்பி என்று தன்னைக் குறித்தவர்கள் 48,000 பேர், அதாவது ஆயிரத்தில் ஒருவர். இந்தச் சிலருக்காக வாக்கியத்தைத் தொட வேண்டுமா என்று கேட்பவர்கள், புற்றுநோய் எண்ணிக்கை பார்த்து வருவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். 2040-க்குள் கருப்பை வாய்ப் புற்றுநோயை ஒழிப்பதாக இங்கிலாந்து உறுதி பூண்டிருக்கிறது. ஒழிப்பது என்று இறங்கிவிட்டால் கடைசியாக எஞ்சும் சிலர்தான் வேலையே. அவர்களை எட்டுவது கடினம் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. பிரிட்டனில் நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதனைக்குத் தகுதியுள்ள திருநம்பிகளிலும் ஆண்-பெண் என்ற இருமைக்குள் அடங்காதவர்களிலும் ஒரு முறையாவது அதைச் செய்துகொண்டவர்கள் 58 சதவீதம்தான். பாஸ்டனில் ஒரு மருத்துவ மையத்தின் பதிவுகளைப் பார்த்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் கண்டது. திருநம்பிகளிடம் எடுத்த மாதிரிகளில் ஏறத்தாழ 11 சதவீதம் ஆய்வுக்கு உதவாதவை, பெண்களிடம் இது 1.3 சதவீதம். டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்வதால் திசு மெலிந்துபோவது அதற்கு ஒரு காரணம். சிரமப்பட்டு ஒருமுறை வந்தவரை, 'சரியாக வரவில்லை, திரும்ப வாருங்கள்' என்று சொன்னால் எத்தனை பேர் வருவார்கள்?

ஆனால் இவர்களில் பலருக்கு அந்தக் கடிதமே போவதில்லை. பதிவேட்டில் 'ஆண்' என்று மாற்றிக்கொண்ட திருநம்பிக்குக் கணினி தானாக அழைப்பு அனுப்பாது. வராத கடிதத்தில் எந்தச் சொல் இருந்தால் என்ன? அதே பதிவேட்டில் 'பெண்' என்று மாற்றிக்கொண்ட திருநங்கைக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு அழைப்பு வரும், அவருக்கு அந்த உறுப்பே இல்லை. 65 வயதில் ஆண்களுக்குச் செய்யும் வயிற்றுப் பெருந்தமனி வீக்கப் பரிசோதனைக்கோ அழைப்பு வராது, அந்த ஆபத்து அவருக்கு உண்டு. வாக்கியத்தைப் பற்றி நடந்த சண்டையில் நூறில் ஒரு பங்குகூட இந்தப் பதிவேட்டைப் பற்றி நடக்கவில்லை. ஒரு வாக்கியத்தைத் திருத்த ஒரு மதியம் போதும், கணினி அமைப்பைத் திருத்தப் பணமும் ஆண்டுகளும் வேண்டும் என்பதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

பதிவேட்டின் ஒற்றைக் கட்டம் என்ன செய்யும் என்பதை 2019-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஓர் அமெரிக்கச் சம்பவம் காட்டுகிறது. 32 வயது ஆண் ஒருவர் வயிற்று வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தார். தான் திருநம்பி என்றும், வீட்டில் செய்த கர்ப்பப் பரிசோதனை கர்ப்பம் என்று காட்டியது என்றும் செவிலியரிடம் சொன்னார். பதிவில் 'ஆண்' என்று இருந்தது. உடல் பருமனும் இரத்த அழுத்தமும் உள்ள ஆண், அவசரமில்லை என்று வகைப்படுத்தினார்கள். சில மணி நேரம் கழித்துத்தான் பிரசவ ஆபத்து என்று தெரிந்தது. குழந்தை இறந்தே பிறந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை, யாரும் அவரை அவமதிக்கவுமில்லை. அவரை ஆணாகவே மரியாதையோடு ஏற்றுக்கொண்டார்கள். பிறப்புப் பால் என்ன என்பதையும் பதிவு பக்கத்திலேயே வைத்திருந்தால், அந்த மரியாதை ஆபத்தாகியிருக்காது. சமூகவியல் பேராசிரியர் ஆலிஸ் சல்லிவன் பிரிட்டன் அரசுக்காகத் தயாரித்து 2025 மார்ச்சில் வெளியான அறிக்கை, பாலையும் பாலின அடையாளத்தையும் தனித்தனியே பதிய வேண்டும் என்று பரிந்துரைத்தது. திருநர் அமைப்புகள் பலவற்றுக்கு இதில் அச்சம் உண்டு. பிறப்புப் பால் பதிவேட்டில் நிலைத்துவிட்டால், வரவேற்பு மேசையில் இருப்பவர் வரை எல்லாருக்கும் தம் கடந்தகாலம் தெரிந்துவிடும் என்கிறார்கள். நியாயமான அச்சம். ஆனால் அது, அந்தத் தகவலை யார் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தித் தீர்க்க வேண்டியது. தகவலே இல்லாமல் செய்வதால் முதலில் பாதிக்கப்படுபவர் திருநம்பியும் திருநங்கையும்தான்.

என்.எச்.எஸ். பரிசோதனைப் பக்கம் இப்போது, 25 முதல் 64 வயதுக்குள் உள்ள எல்லாப் பெண்களும் கருப்பை வாய் உள்ளவர்களும் அழைக்கப்படுவார்கள் என்ற பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. இந்தச் சேர்க்கையை இரு தரப்பும் குறை சொல்கின்றன. பெண்களைத் தவிர கருப்பை வாய் யாருக்கு இருக்கும், இது தர்க்கப் பிழை என்கிறார்கள் சிலர். பெண்களை முதலில் வைத்து எங்களை வாலாக ஒட்டினால் அது சமத்துவமா என்கிறார்கள் வேறு சிலர். இலக்கணமாகவோ தத்துவமாகவோ பார்த்தால் இரண்டிலும் விஷயம் உண்டு. ஆனால் ஒரு பெண் 'பெண்கள்' என்ற சொல்லிலேயே தன்னைக் கண்டுகொள்கிறார், ஒரு திருநம்பி அதற்கு அடுத்த தொடரில் கண்டுகொள்கிறார். அறிவிப்புக்கு இதற்கு மேல் வேலை இல்லை. பேருந்து நிறுத்தத்து விளம்பரத்தில் இவ்வளவு சொற்களுக்கும் இடமிருக்காது, அங்கே 'பெண்கள்' என்று மட்டும் இருந்தால் போதும். திருநருக்கென்று தனிக் கையேடு ஏற்கெனவே இருக்கிறது. அதில் டெஸ்டோஸ்டிரோன், மார்புப் பரிசோதனை, பதிவேட்டு மாற்றத்தின் விளைவு என்று பொதுக் கையேட்டில் அடங்காதவற்றை எழுத முடிகிறது. ஒருவரின் பெயருக்கு வரும் கடிதத்திலோ 'பெண்கள்' என்றும் 'உள்ளவர்கள்' என்றும் எதுவும் வேண்டியதில்லை, 'நீங்கள்' என்றே எழுதலாம்.

2025-இல் பிரிட்டன் அரசு இன்னொன்றையும் அறிவித்தது. பரிசோதனைக்கு வராமல் தள்ளிப்போடுபவர்களுக்கு, வீட்டிலேயே தாமாக மாதிரி எடுத்து அனுப்பும் பஞ்சுக்குச்சிப் பெட்டி 2026 முதல் தரப்படும் என்றது. அந்நியர் முன் ஆடை களையக் கூசும் நியூஹாம் பாட்டிக்கும், பெண்கள் பிரிவின் காத்திருப்பு அறையில் உட்காரக் கூசும் திருநம்பிக்கும் ஒரே பெட்டிதான். பதிவேட்டில் 'ஆண்' என்று இருப்பவருக்கு அதை அனுப்பக் கணினிக்கு யார் கற்றுத் தருவது என்பது மட்டும் இன்னும் பாக்கி.