கருப்பையைக் ‘கழுவுதல்’ பாவமா?

இராஜபாளையத்தில் நாம் பணியாற்றிய நாட்களில், ஒரு மாலை இளம் தம்பதியர் நம்மைத் தேடி வந்தனர். பத்து வாரக் கருவின் இதயத்துடிப்பு நின்றுவிட்டதை ஸ்கேன் காட்டியிருந்தது. உதிரப்போக்கும் தொடங்கியிருந்தது. “சாமி, கழுவிவிடணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. அது கருக்கலைப்புப் பாவம் ஆகாதா?” என்று கேட்டாள் அப்பெண். இந்த ஐயத்தினாலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவமனைக்குச் செல்லாமல் இரண்டு நாட்களைக் கடத்தியிருந்தாள்.

பாவமில்லை என்று சொல்லி உடனே அனுப்பிவைத்தோம். உயிரோடிருக்கும் சிசுவை அழிப்பது வேறு. இறந்த சிசுவின் எச்சத்தை அகற்றித் தாயைக் காப்பது வேறு. எச்சம் உள்ளே தங்கினால் உதிரப்போக்கு நீடிக்கும். கிருமி தொற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். 1971இல் கருச்சிதைவுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி செய்யப்படும் கருக்கலைப்புக்கும் இதே முறை பயன்பட்டதால், மக்கள் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கின்றனர்.

மருத்துவர் இதனை ‘டி அண்டு சி’ என்பர். மயக்கமருந்து கொடுத்து, கருப்பை வாயைச் சிறிது சிறிதாக விரித்து, நீண்ட காம்புடைய கரண்டி போன்ற கருவியால் உட்சவ்வைச் சுரண்டி எடுப்பர். பெரும்பாலும் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம். ‘கழுவுதல்’ என்ற சொல்லே பொருத்தமற்றது. அங்கே கழுவுவதற்கு அழுக்கு ஏதுமில்லை.

கருவுக்குச் சற்றும் தொடர்பின்றியும் இச்சிகிச்சை நடைபெறுகிறது. சுரண்டிய திசுவைச் சோதித்துக் கருப்பைக் காசநோயைக் கண்டறிவர். பிள்ளைப்பேறு வாய்க்காமைக்கு அதுவும் நம் நாட்டில் ஒரு காரணம். மாதவிலக்கு நின்றபின் மீண்டும் உதிரம் கண்டால், புற்றுநோய் உண்டா என அறியவும் இது உதவும். அவ்வாறு உதிரம் காணும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கருப்பைப் புற்றுநோய் இருக்கக்கூடும். தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலோரைக் குணப்படுத்தலாம்.

இதைச் சொல்லும்போது சத்திரப்பட்டிப் பக்கத்து மூதாட்டி ஒருவர் நம் நினைவுக்கு வருகிறார். மருத்துவமனைகளுக்குச் செல்லும் பேண்டேஜ் துணியை நெய்து பிழைத்தவர். தமக்கு உதிரம் கண்டபோது, அத்துணியின் கழிவுத் துண்டுகளைக் கொண்டே எட்டு மாதம் மறைத்துவிட்டார். “இந்த வயசுல இதைப் போய் யாருகிட்ட சொல்ல, சாமி?” என்றார். மகளிடமும் சொல்லவில்லை. மருத்துவர் பார்த்தபோது நோய் பரவியிருந்தது.

கூச்சம் மக்களிடம் மட்டும் இருந்ததன்று. துறவற சபைக் கன்னியர் பேறுகால மருத்துவம் செய்வதைத் திருச்சபையும் நெடுங்காலம் தடுத்தே வைத்திருந்தது. ராவல்பிண்டியில் ஆண் மருத்துவரிடம் வர இயலாது மடிந்த பெண்களைக் கண்ட டாக்டர் அன்னா டெங்கல், 1925இல் மருத்துவப் பணிச் சகோதரியர் அமைப்பைத் தொடங்கினார். உரோமை அனுமதி வழங்கியது 1936இல்தான். அதற்குள் எத்தனை தாய்மார்கள் மாண்டனரோ!

இன்று கருச்சிதைவுக்குப் பின் சுரண்டுவதைவிட உறிஞ்சி எடுப்பதையே, அல்லது மாத்திரையையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மீண்டும் மீண்டும் சுரண்டினால் கருப்பையின் உட்சுவர்கள் ஒட்டிக்கொள்ளக்கூடும். அதிக உதிரப்போக்கை இது நிரந்தரமாக நிறுத்துவதுமில்லை. ஆகவே, எதற்காகச் செய்கிறீர்கள் என்று தாய்மார்கள் தயங்காமல் கேட்கலாம். எடுத்த திசு சோதனைக்கு அனுப்பப்பட்டதா என்றும் கேளுங்கள். அறிக்கை வந்ததும் அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.