குளூனிக்குப் போகும் மிதிவண்டிப் பாதை

நம் சேலம் மறைமாவட்டத்தில் குளூனி என்ற பெயரைக் கேள்விப்படாத குடும்பங்கள் மிகக் குறைவு. குளூனி பள்ளி என்கிறோம், குளூனி சிஸ்டர்ஸ் என்கிறோம். அது ஏதோ ஒரு புனிதையின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் நம்மிடையே உண்டு. உண்மையில் அது ஓர் ஊரின் பெயர். பிரான்ஸ் நாட்டின் பர்கண்டிப் பகுதியில், திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த குன்றுகளுக்கு நடுவே உள்ள சிறிய ஊர் அது. 1807-ஆம் ஆண்டு அன்னை ஆன் மரி ஜவுகே தொடங்கிய துறவற சபை, 1812-இல் அந்த ஊரில் ஒரு வீட்டை வாங்கித் தன் தலைமை இல்லமாக்கிக்கொண்டது. அதனால்தான் அவர்கள் குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் ஆனார்கள். 1827-இல் புதுச்சேரிக்கு வந்தார்கள். அங்கிருந்து அந்தப் பெயர் நம் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் வந்து சேர்ந்தது.

அந்த ஊரைப் பற்றி நாம் இங்கே எழுதக் காரணம், அதன் ஓரமாகச் செல்லும் ஒரு மிதிவண்டிப் பாதை.

ஒரு காலத்தில் குளூனி வழியாகத் தொடர்வண்டி ஓடியது. பயணிகள் குறைந்தனர், பாதை மூடப்பட்டது. தண்டவாளங்கள் அகற்றப்பட்ட அந்த நிலம் புதர் மண்டிப் போயிருக்கலாம், அல்லது துண்டு துண்டாக விற்கப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த மாவட்ட நிர்வாகம் அதை நடப்பவர்களுக்கும் மிதிவண்டியில் செல்பவர்களுக்கும் என்று ஒதுக்கியது. 1997-இல் ழிவ்ரி என்ற ஊரிலிருந்து குளூனி வரை 44 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. பிரான்சில் ‘பசுமைப் பாதை’ என்று அழைக்கப்படும் இத்தகைய வழிகளுள் இது முன்னோடியானது. கார், மோட்டார் சைக்கிள் எதற்கும் அனுமதி இல்லை. இரயில் பாதையாக இருந்ததால் ஏற்றம் மிகக் குறைவு. தாத்தாவும் பேரனும் பக்கத்துப் பக்கத்தில் மிதித்துக்கொண்டு பேசியபடியே போகலாம்.

இந்தப் பாதை வழவழப்பான தார்ப் பாதைதான். ஆனால் இதிலிருந்து இருபுறமும் வெள்ளை நிறச் சரளைக்கல் பாதைகள் பிரிந்து தோட்டங்களுக்குள் செல்கின்றன. விவசாயிகள் டிராக்டர் ஓட்டுவதற்காகப் போட்ட பாதைகள் அவை. அண்மை ஆண்டுகளில் உலகெங்கும் பரவிவரும் ‘கிராவல் சைக்கிளிங்’ என்ற பழக்கம் இத்தகைய பாதைகளைத் தேடித்தான் போகிறது. கிராவல் என்ற சொல் நமக்குப் புதிதல்லவே. வீட்டு மனை மேடாக்க லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறோமே, அதே கிராவல்தான். தார்ச் சாலையின் வாகன நெரிசலும் வேண்டாம், மலைச் சரிவில் குதித்து இறங்கும் சாகசமும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே, மண்ணும் கல்லும் கலந்த ஆள் நடமாட்டம் குறைந்த வழியில் நெடுந்தூரம் போவதுதான் இதன் சாரம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006-இல் சிறிய அளவில் தொடங்கிய ஒரு சரளைப் பாதைப் பந்தயம் இதற்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. 2022-இல் இத்தாலியில் இதற்கென்றே முதல் உலகச் சாம்பியன் போட்டியும் நடந்தது.

இதற்கான வண்டியில் முக்கியமானது டயர். பந்தய வண்டியின் டயர் விரல் கனம்தான் இருக்கும்; அதில் காற்றைக் கல்லாக அடைத்திருப்பார்கள். அது சரளையில் போனால் ஒவ்வொரு கல்லும் வண்டியைத் தூக்கிப் போடும். 35 முதல் 50 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரில் காற்றைக் குறைத்து வைத்தால், டயர் கல்லின் மேல் சற்றே அமுங்கி அதை விழுங்கிக்கொண்டு உருளும். கைக்கும் முதுகுக்கும் வலி இல்லை, மண்ணில் பிடிப்பும் அதிகம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊர் பால்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மிதித்த ராலே, அட்லஸ், ஹீரோ வண்டிகளின் டயர் 28-க்கு ஒன்றரை. அதாவது ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலம்! இன்று இலட்சக்கணக்கில் விலை சொல்லும் வண்டியில் வரும் அதே அளவு. இரண்டு பக்கமும் பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு வண்டித் தடத்தில் போன அந்த மனிதருக்கு, தாம் செய்வது கிராவல் சைக்கிளிங் என்று யாரும் சொல்லவில்லை.

பர்கண்டியின் திராட்சைக்கு வருவோம். அந்தத் தோட்டங்களின் வரலாற்றில் துறவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. குளூனி மடம் 910-இல் நிறுவப்பட்டது. அதன் மூன்றாவது ஆலயம், உரோமையில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய ஆலயமாக இருந்தது. 1098-இல் சீத்தோ என்னுமிடத்தில் தோன்றிய சிஸ்டர்சியன் துறவிகள், வூழோவில் மதில் சூழ்ந்த புகழ்பெற்ற திராட்சைத் தோட்டத்தை உருவாக்கினார்கள். புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குகளின் 40-ஆம் அதிகாரத்தில் இரசத்தைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் தயங்குகிறார். துறவிகளுக்கு இரசம் ஏற்றதல்லதான். ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளை அப்படி ஒப்புக்கொள்ளச் செய்ய முடியாது. ஆகவே நாளொன்றுக்கு ஓர் அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்பது அவர் கருத்து. மனிதரை அறிந்த ஒருவரின் எழுத்து அது.

திருப்பலிக்கும் மடத்தின் பந்திக்கும் விருந்தினருக்கும் இரசம் தேவைப்பட்டது. துறவிகள் ஒரே நிலத்தைப் பல தலைமுறைகள் உழுதார்கள். எந்த வயலின் பழம் எப்படிச் சுவைக்கிறது என்பதைக் கவனித்தார்கள். இன்று பர்கண்டியில் பெயரும் எல்லையும் கொண்ட 1200-க்கும் மேற்பட்ட சிறு சிறு தோட்டங்கள் உள்ளன. அவற்றை 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அவற்றுக்கு நடுவே காரில் போனால் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். மிதிவண்டியில் போகிறவருக்குச் சுண்ணாம்புக்கல் மண் எங்கே முடிந்து களிமண் எங்கே தொடங்குகிறது என்பதை டயரே சொல்லிவிடும். பிரெஞ்சுப் புரட்சி குளூனி மடத்தை விட்டுவைக்கவில்லை. அந்த மாபெரும் ஆலயம் விற்கப்பட்டு, கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. இன்று மிஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதியே.

குளூனிக்கு வடக்கே சுமார் பத்து கிலோமீட்டரில் அதே பசுமைப் பாதை தேசே என்ற கிராமத்தின் அடிவாரத்தைக் கடக்கிறது. ஆம், நம் இளைஞர்கள் வழிபாடுகளில் பாடும் தேசே பாடல்கள் பிறந்த அதே தேசேதான். 1940 ஆகஸ்டில், போர் நடந்துகொண்டிருந்த வேளையில், ஜெனீவாவிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டு வந்தார் ஓர் இளைஞர். வயது 25. அவர்தான் பின்னாளில் சகோதரர் ரோஜர் என்று அறியப்பட்டவர். குளூனியைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு வீடு விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு தேசேக்குப் போனார். அங்கே அவருக்கு உணவளித்த ஒரு மூதாட்டி, எங்களோடு தங்கிவிடுங்கள், நாங்கள் தனியாக இருக்கிறோம் என்றாராம். அவர் தங்கினார். போரினால் துரத்தப்பட்டவர்களுக்கு, யூதர்களுக்கும்கூட, அந்த வீட்டில் அடைக்கலம் கொடுத்தார். பின்னர் பல சபைகளைச் சேர்ந்த சகோதரர்கள் சேர்ந்து வாழும் குழுமம் அங்கே உருவானது. 1985-இல் அக்குழுமம் நடத்திய இளையோர் சந்திப்பு நம் சென்னையிலும் நடந்தது. 2005 ஆகஸ்ட் 16-ஆம் நாள் மாலைச் செபத்தின்போது சகோதரர் ரோஜர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். மிதிவண்டியில் வராமல் விரைவு வண்டியில் கடந்து போயிருந்தால் அந்த மூதாட்டியை அவர் சந்தித்திருப்பாரா என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

குளூனிக்குத் தெற்கே இந்தப் பாதை 1600 மீட்டர் நீளமுள்ள பழைய இரயில் குகை ஒன்றின் வழியாகச் செல்கிறது. குளிர்காலத்தில் அந்தக் குகையை மூடிவிடுகிறார்கள். வௌவால்கள் உள்ளே உறங்கும் காலம் அது. மிதிவண்டிக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மலையேறிச் சுற்றிப் போகிறார்கள்.

பிரான்ஸ் வரை போக வசதியில்லாதவர்களுக்குத் தேனி மாவட்டம் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை 1832-இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சு நாட்டுக் குருவானவர் என்பது பலருக்குத் தெரியாது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பர்கண்டியில் கொடி இடுப்பு உயரத்தில் வரிசையாக நிற்கும். செப்டம்பர் வாக்கில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் தலைக்கு மேலே படரும். ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் செய்யும் வேலை அது. இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கம் அதிகாலையில் தோட்டத்து மண்பாதைகளில் மிதித்தால் பந்தல் நிழல் பக்கத்திலேயே வரும். மருந்து தெளிக்கும் நேரம் மட்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

நம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் திராட்சை இல்லை. சேர்வராயன் மலை இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் ஏற்காட்டுக்குப் போகும் வாகனங்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளை நோக்கி விரைகின்றன. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் டியூஷனுக்குப் போகும் பிள்ளை அந்தச் சாலையின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கும் புழுதிக்கும் நடுவே, ஒரு முழ அகலத்தில் போகிறாள். பின்னால் ஹாரன் அடித்தால் மண்ணில் இறங்கி நிற்கிறாள். நாம் அவளை அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

மலையடிவாரத்தில் வண்டித் தடங்கள் இன்னும் இருக்கின்றன. மாட்டு வண்டி போன வழிகள், தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகிறவை. அந்த வழிகளில் நாமும் மிதித்துப் பார்த்தோம். சரளை ஒன்றும் செய்யவில்லை. சீமைக்கருவேல முள்தான் இரண்டு முறை பஞ்சர் ஆக்கியது. டியூபுக்குள் அடைப்புத் திரவம் ஊற்றிக்கொண்டால் சிறிய துளைகள் தாமாக அடைந்துவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். சில தடங்கள் புது மனைப்பிரிவின் கம்பி வேலியில் போய் முடிந்துவிட்டன.

கிராம வரைபடத்திலும் அ-பதிவேட்டிலும் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இவை தனி எண்ணோடு குறிக்கப்பட்டிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் பார்க்கலாம். வேலி போட்ட பிறகு பார்ப்பதைவிட, அதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.