சிறு பெட்டிக்குப் புதிய இயங்குதளம்

புது தில்லியில் 2005-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பிரசுரிக்கப்பட்ட மத்திய அரசாங்கத்தின் கெஜட் அறிவிப்பொன்று, 2.4 முதல் 2.4835 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலுள்ள வானொலி அலைகளில் குறைந்த சக்தியுடன் இயங்கும் கருவிகளைத் திறந்த வெளியிலும் லைசென்ஸ் இன்றி உபயோகிக்க இடமளித்தது. அடுத்த மாதம் முடிவதற்குள், இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலாவில் 8 வளாகங்கள் கம்பியில்லா வலையமைப்பு ஒன்றினால் இணைக்கப்பட்டுவிட்டன. மலைச்சரிவுகள் குறுக்கிடும் அவ்வூரில், ஒரே கோபுரத்திலிருந்து எல்லா இடங்களையும் நேர்ப்பார்வையில் எட்டுதல் இயலாது. ஆகையால் ஒவ்வொரு கருவியும் தன்னிடம் வரும் செய்தியை அண்டைக் கருவிக்குக் கைமாற்றும் முறை கையாளப்பட்டது. மின்சாரம் அடிக்கடி தடைப்படும் இடத்தில் ஒரு கருவி நின்றுபோயினும் செய்தி வேறு வழியை நாடிக்கொள்ளும். நாளடைவில் 30-க்கு மேற்பட்ட நிலையங்கள் இவ்வாறு இயங்கின.

இதற்குப் பயன்பட்டவை கடையில் விற்கும் சிறு ரௌட்டர்களை ஒத்த பெட்டிகளே. ஆனால் ஒரு வீட்டின் இணைய இணைப்பைப் பங்கிடுவதற்கென உற்பத்தியாளர் புகுத்திய மென்பொருள், அண்டைக்குச் செய்தி கடத்தும் வேலையை அறியாது. பெட்டியின் உடல் அதற்குப் போதியது. உள்ளே குடியிருக்கும் இயங்குதளத்தை மாற்ற வேண்டியதே குறை.

அதற்கான வாய்ப்பு ஏறக்குறைய தற்செயலாகவே கிட்டியது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யு.ஆர்.டி.54ஜி என்னும் ரௌட்டரில் லினக்ஸ் இயங்குவதை 2003-ஆம் ஆண்டில் சிலர் கண்டறிந்தனர். லினக்ஸை எவரும் இலவசமாக எடுத்தாளலாம். எனினும் அதனை விற்கும் பொருளில் சேர்ப்போர் அதன் மூல நிரலையும் கேட்போர்க்கு அளித்தல் வேண்டுமென்பது உரிம நிபந்தனை. அவ்வாண்டிலேயே மூல நிரல் வெளியாயிற்று. அதனை அடிப்படையாகக் கொண்டு 2004-ஆம் ஆண்டு ஜனவரியில் ஓப்பன் டபிள்யு.ஆர்.டி. என்னும் திறந்த மூல இயங்குதளம் தொடங்கப்பெற்றது.

அப்பெட்டியின் நிலையான நினைவகம் 4 மெகாபைட். தற்காலிக நினைவகம் 16 மெகாபைட். இன்றைய கைபேசியில் எடுத்த புகைப்படம் ஒன்றே சில சமயம் இந்த 4-இல் அடங்காது. அங்கு முழுமையான இயங்குதளம் ஒன்றைக் குடியேற்றுவது சிறிய செப்பில் பெருங்குடும்பத்தின் பாத்திரங்களை அடுக்குவது போன்றது. ஆகவே பல கட்டளைகள் பிஸிபாக்ஸ் என்னும் ஒரே நிரலில் ஒடுக்கப்பட்டன. மாறாத கோப்புகள் சுருக்கப்பட்டு, படிக்க மட்டும் இயலும் பகுதியில் வைக்கப்பட்டன. உபயோகிப்போர் செய்யும் மாறுதல்களுக்கு மற்றொரு சிறு பகுதி ஒதுக்கப்பட்டது.

நிறுவும் வேலையில் நிதானம் அவசியம். மின்சாரம் பாய்ந்ததும் பெட்டியில் முதலில் விழிப்பது தொடக்க நிரல். தக்கபடி அமைத்திருப்பின் அது சில விநாடிகள் காத்திருக்கும். அவ்விடைவேளையில் கம்பி வழியே 192.168.1.1 என்னும் முகவரிக்குப் புதிய இயங்குதளக் கோப்பை அனுப்பிவிட வேண்டும். எழுதுகையில் மின்சாரம் அறுந்தால் இயங்குதளம் சிதையும். எனினும் தொடக்க நிரல் பழுதுறாவிடின் மீண்டும் முயலலாம். அதுவும் அழிந்துவிட்டால், பெட்டியைத் திறந்து மின்பலகையில் கம்பிகளைப் பற்றவைத்தே உயிரூட்ட இயலும். இக்காரணத்தால், மின்வெட்டு மிகுந்த ஊர்களில் ரௌட்டரையும் கணினியையும் பாட்டரியில் இணைத்த பின்னரே இவ்வேலையைத் தொடங்குதல் நலம்.

புதிய இயங்குதளம் ஒலிபரப்பும் சக்தியை உயர்த்தவும் இடந்தரும். இதில் மயங்கலாகாது. மேற்சொன்ன 2005-ஆம் ஆண்டு விதி, கருவியின் சக்தியை 1 வாட் என்றும், ஆண்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட் என்றும் வரையறுத்தது. மேலும், ஒரு முனை உரக்கப் பேசுவதால் மட்டும் உரையாடல் நடவாது; மறுமுனையின் மெல்லிய குரலும் செவியில் விழ வேண்டுமன்றோ!

பெயரை மட்டும் நம்பி வாங்குவதும் தவறு. அதே டபிள்யு.ஆர்.டி.54ஜி, 2005-ஆம் ஆண்டில் வந்த 5-ஆம் பதிப்பில், 2 மெகாபைட் நிலையான நினைவகமும் 8 மெகாபைட் தற்காலிக நினைவகமுமாகக் குறுகி, லினக்ஸையும் கைவிட்டது. லினக்ஸ் வேண்டுவோர்க்கென டபிள்யு.ஆர்.டி.54ஜிஎல் என்ற தனி வகை வெளியிடப்பட்டது. இன்றைய ஓப்பன் டபிள்யு.ஆர்.டி. வெளியீடுகளோ, குறைந்தபட்சம் 8 மெகாபைட் நிலையான நினைவகமும் 64 மெகாபைட் தற்காலிக நினைவகமும் கேட்கின்றன. பதிப்பு எண் பெரும்பாலும் பெட்டியின் அடிப்புறச் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அதனைத் திட்டத்தின் கருவிப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும்.