கெல்லி துரையும் லண்டன் கம்பெனிகளும்

ஈப்போவுக்குத் தெற்கே, பத்து காஜாவுக்கு அருகில், கட்டி முடியாத ஒரு மாளிகையை நம்மில் பலர் கண்டிருப்போம். அதன் சொந்தக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித். 1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, இருபது வயதில் மலாயா வந்தவர். காடழிக்கும் குத்தகையில் கிடைத்த பணத்தில் நிலம் வாங்கி ரப்பர் நட்டார். 'கிந்தா கெல்லாஸ்' தோட்டம் அதுதான். ஈயலம்பத்திலும் பணம் போட்டார்.

அந்நாளில் பெருந்தோட்டங்கள் பல லண்டன் கம்பெனிகளுக்குச் சொந்தம். கம்பெனி என்றால் என்ன? முதலைப் பல பங்குகளாகப் பிரித்து விற்பார்கள். பங்கு வாங்கியவர்கள் ஆண்டுக்கொரு முறை கூடுவார்கள். தலைவர் லாப நட்டக் கணக்கை அவர்கள் முன் வைப்பார். பால் வெட்டுகிறவர் அந்தத் தலைவரின் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்.

கெல்லி துரையை நம்மவர்கள் பார்த்தார்கள். மாளிகை வேலைக்குத் தமிழகத்திலிருந்து ஆட்களை வரவழைத்தவர் அவர். விஷக்காய்ச்சலில் பலர் மாண்டபோது, ஆட்கள் கேட்டுக்கொண்டபடி மாரியம்மன் கோயில் கட்ட உதவினார் என்பார்கள். சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பி போட்ட துரையும் கோயில் மேல் நிற்கிறார்! வேறெந்தத் தோட்டத்துரைக்குக் கிடைத்தது இந்த இடம்?

1926-இல் அவர் லிஸ்பன் நகரில் நுரையீரல் காய்ச்சலால் இறந்தார். மாளிகை வேலை அப்படியே நின்றது. அவர் மனைவி சொத்துகளை விற்றுவிட்டார். தோட்டம் ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்டு கம்பெனியின் கைக்குப் போயிற்று. அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருந்தது லண்டனில்.